விண்முகிலை அளந்த மூன்று பக்கங்கள்

நம் சங்கத்து மேடைகளில் டாக்டர் சந்திரசேகரின் பெயர் ஒலியாத ஆண்டு அரிது. அதற்குக் காரணமும் உண்டு. அவர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் பிறந்த ஊர் லாகூர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் பெரும்பதவி வகித்தவர். பணி அழைத்த ஊரெல்லாம் குடும்பமும் உடன் சென்றது. பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து, வீட்டினுள் தமிழும் வீதியில் வேற்றுமொழியுமாக வாழும் நம்மனோர்க்கு, அத்தகைய வீடொன்றில் பிறந்த குழந்தை உலகப் புகழ் எய்தியதில் தனியானதொரு மகிழ்ச்சி இருப்பது இயல்பே.

ஆயினும் மேடையில் நாம் சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான். 1930-இல் கப்பலில் இங்கிலாந்து செல்கையில் வெண்குறு மீன்களின் எடைக்கு ஒரு வரம்புண்டு என்று அவர் கணக்கிட்டது, 1935-இல் லண்டனில் எடிங்டன் அதனை எள்ளியது, 1983-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவற்றோடு கதை முடிந்துவிடும். இடையே 1953-இல், என்ரிக்கோ ஃபெர்மி என்னும் இத்தாலிய மேதையுடன் சேர்ந்து அவர் எழுதிய மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றை நாம் நினைப்பதில்லை. விண்மீன்கள் கருக்கொள்ளும் வாயு முகில்களை ஆராய்வோர் இன்றும் எடுத்தாளும் அளவுகோல் அது. அதன் வரலாற்றைக் கூறுவதே என் நோக்கம். கூறுங்கால், நம்மவர் பங்கு இவ்வளவு, பிறர் பங்கு இவ்வளவு என்பதையும் மறையாது கூறுவேன். எல்லாம் நம்மவரே கண்டார் என்று முழங்குவது, அளந்து பேசுவதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டிருந்த அம்மனிதருக்குச் செய்யும் மரியாதையாகாது.

முதலில் அம்முகில்கள் எவை என்பதைப் பார்ப்போம். மின்விளக்கு ஒளி எட்டாத சிற்றூரில் கோடை நள்ளிரவில் வானை அண்ணாந்து நோக்குவோர், பால்வீதியின் நடுவே கரிய பிளவுகளும் திட்டுகளும் இருப்பதைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் இவற்றை விண்மீன்கள் இல்லாத வெற்றிடங்கள் என்றே கருதினார். அமெரிக்க வானநூலார் பர்னார்டு ஆண்டுக்கணக்கில் வானைப் புகைப்படம் எடுத்து, 182 கருந்திட்டுகளின் பட்டியலை 1919-இல் வெளியிட்டார். அவை ஓட்டைகள் அல்ல, பின்னுள்ள மீன்களின் ஒளியை மறைக்கும் திரைகள் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. விண்மீன்களிடையே தூசி பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்பதை 1930-இல் டிரம்ப்ளர் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டினார். 1947-இல் பார்ட் போக் என்பார், இக்கரிய உருண்டைகளே விண்மீன்களின் கருப்பைகளாக இருத்தல் கூடும் என்றார்.

அக்கருப்பையில் நிகழ்வதென்ன? வாயு தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும். அதன் வெப்பமோ அதனை விரியச் செய்ய முயலும். எவ்வளவு பெரிய முகிலானால் ஈர்ப்பு வெல்லும் என்பதற்கு 1902-இலேயே ஜேம்ஸ் ஜீன்ஸ் ஒரு கணக்குத் தந்துவிட்டார். ஆனால் அவர் கருதிய முகில் அசைவற்றது, காந்தமும் அற்றது. உண்மை முகிலோ இரண்டும் உடையது. இந்த இரண்டையும் கணக்கினுள் கொண்டுவந்த வரலாறு ஒரு தற்செயலில் தொடங்குகிறது.

1946-இல் சந்திரசேகர், மிகுவெப்பமுள்ள விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி சிதறுவதைக் கணக்கிட்டார். விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளி தளவிளைவு பெற்றிருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. ஒளியலைகள் எல்லாத் திசையிலும் அதிராமல் ஒரு தளத்திலேயே மிகுதியாக அதிர்வதைத் தளவிளைவு என்பர். விண்மீன் வட்டம் முழுவதையும் ஒருசேரப் பார்த்தால், எதிரெதிர் விளிம்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்து விளைவு மறைந்துவிடும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில், ஒரு மீன் மற்றதன் வட்டத்தைப் பெரும்பகுதி மூடும்போது மட்டுமே அது சற்றே தலைகாட்டும்.

இதனைக் கண்டுவிடலாம் என்று ஹில்ட்னர், ஜான் ஹால் என்னும் இரு வானாய்வாளர்கள் முயன்றனர். ஒளிமின் கருவிகளைப் பொருத்தி இரட்டை மீன்களை நோக்கினர். தளவிளைவு கிடைத்தது, ஆனால் அது எதிர்பார்த்த தளவிளைவு அன்று. மறைப்பு நேரும்போதும் அது இருந்தது, மறைப்பு இல்லாதபோதும் மாறாமல் இருந்தது. அருகருகே உள்ள மீன்களில் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டியது. தூசியால் மிகுதியும் மங்கிய மீன்களில் அதிகமாயிருந்தது. ஆகவே அது விண்மீனில் பிறந்ததன்று, ஒளி வரும் வழியில் நேர்ந்தது என்பது தெளிவாயிற்று. இருவரும் 1949-இல் தனித்தனியே முடிவை வெளியிட்டனர். தேடிப்போன பொருள் கிடைக்காமல் வேறொரு புதையல் கிடைத்த கதை இது. சந்திரசேகர் சொன்ன விளிம்பு விளைவு பொய்யாகிவிடவும் இல்லை. 1983-இல் கெம்ப் என்பாரும் அவர் தோழரும் அல்கால் என்னும் இரட்டை மீனில் அதனைக் கண்டறிந்தனர். அவர் நோபெல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில் என்பது எனக்கு இன்பம் தரும் பொருத்தம்.

வழியில் இருக்கும் தூசி ஏன் ஒளியை இவ்வாறு செய்யவேண்டும்? தூசித் துகள்கள் உருண்டையாயிராமல் நீள்வடிவினவாய், ஒரே ஒழுங்கில் சாய்ந்து நின்றால், ஒரு தளத்து அதிர்வை மிகுதியாகத் தடுக்கும். அவற்றை அப்படி நிறுத்துவது காந்தப் புலமே என்று டேவிஸ், கிரீன்ஸ்டைன் இருவரும் 1951-இல் விளக்கினர். சுழலும் துகள்கள் தம் நெட்டச்சைப் புலத்துக்குக் குறுக்காக வைத்துக்கொள்ளும்; விண்மீனொளியின் தளவிளைவு புலத்தின் திசையையே காட்டும். துகள்களை ஒழுங்குபடுத்தும் செயலில் விண்மீன்களின் ஒளிக்கும் பெரும்பங்கு உண்டு என்று பின்வந்தோர் திருத்தினர். ஆனால் திசையைப் பற்றிய முடிவு நிலைத்துவிட்டது. இரும்புத் தூளைத் தாளில் தூவிக் காந்தத்தின் கோடுகளைப் பள்ளியில் கண்டோமன்றோ? வானமும் அத்தகைய தாளாயிற்று.

திசை தெரிந்தது, வலிமை தெரியவில்லை. இங்குதான் ஃபெர்மி வருகிறார். இத்தாலியில் யூத இனத்தார்க்கு எதிரான சட்டங்கள் வந்தபோது, 1938-இல் நோபெல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றவர், தம் மனைவியின் பொருட்டு நாடு திரும்பாமல் அமெரிக்கா சேர்ந்தார். அணு உலையைச் சிகாகோவில் முதன்முதல் இயக்கியவர் அவரே. 1949-இல், அண்டக் கதிர்களுக்கு வேகம் ஊட்டுவன விண்வெளியில் அலையும் காந்த முகில்களே என்ற கருத்தை வெளியிட்டார். ஆகவே அப்புலத்தின் வலிமை என்ன என்பது அவருக்கு அவசரமான கேள்வி. சந்திரசேகரோ அதே காலத்தில் கொந்தளிப்பைப் பற்றியே சிந்தித்துக் கொண்டிருந்தார். 1951-இல் அவர் ஜீன்ஸின் கணக்கைத் திருத்தி, முகிலின் வெப்ப அழுத்தத்தோடு கொந்தளிப்பின் அழுத்தத்தையும் கூட்டவேண்டும் எனக் காட்டியிருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவ்விருவரும் 1952, 1953 ஆண்டுகளில் வாரந்தோறும் கூடி வான்பௌதிகச் சிக்கல்களை விவாதிப்பதை வழக்கமாகக் கொண்டனர். இருவரும் தாய்நாடு விட்டு வந்தவர். இருவர் ஆங்கிலத்திலும் தத்தம் ஊர் வாடை வீசியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அவர்கள் கண்ட முறையை ஒரு வீணையைக் கொண்டு விளக்கலாம். சந்திரசேகரின் தந்தையார் கருநாடக இசை ஆராய்ச்சியில் ஈடுபட்டு நூல் எழுதியவர். ஆதலின் இவ்வுவமை அக்குடும்பத்துக்குப் பொருந்தாமற் போகாது. இறுகக் கட்டிய தந்தியை மீட்டினால் அது சிறிதே வளையும்; தளர்ந்த தந்தியோ அதே விரல்விசைக்கு மிகுதியாக வளையும். விரலின் விசையும், தந்தியின் எடையும், வளைவின் அளவும் தெரிந்தால் இறுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். விண்வெளியின் காந்தக் கோடுகள் இத்தகைய தந்திகளே. அவற்றில் அலைகள் ஓடும் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆல்ஃவேன் 1942-இலேயே சொல்லியிருந்தார். வாயுவின் கொந்தளிப்பு, தந்தியை மீட்டும் விரல். வாயுவின் அடர்த்தி, தந்தியின் எடை. தளவிளைவின் திசை மீனுக்கு மீன் சற்றே பிறழ்கிறதே, அதுதான் வளைவு.

பால்வீதியின் சுருள்கையொன்றில் அப்பிறழ்ச்சி சராசரி 0.2 ரேடியன், அதாவது சுமார் 11 பாகை. வாயுவின் வேகம் விநாடிக்கு 5 கிலோமீட்டர் எனக் கொண்டனர். அடர்த்தியையும் சேர்த்துப் பெருக்கி வகுக்க, புலவலிமை ஒரு காஸில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு என்று வந்தது. பூமியின் காந்தவலிமையில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! சுருள்கை தன் ஈர்ப்பால் நசுங்காமல் நிற்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்ற வேறொரு வழியில் கணக்கிட்டபோது, பத்து லட்சத்தில் ஆறு என்று வந்தது. இருவேறு வழிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டன. 1953 ஜூலையில் வான்பௌதிகச் சஞ்சிகையில் இக்கட்டுரை வெளிவந்தது. சஞ்சிகையின் பொறுப்பாசிரியரும் சந்திரசேகரே. ஆசிரியர் தம் பொருளுக்கு மூன்று பக்கத்திற்கு மேல் ஒதுக்கிக்கொள்ளவில்லை என்பதை நம் மலர்க்குழுவினர் கவனிப்பார்களாக.

இம்முறையின் வித்து டேவிஸ் 1951-இல் எழுதிய குறிப்பிலும் உண்டு. ஆதலால் இன்று பலர் இதனை டேவிஸ்-சந்திரசேகர்-ஃபெர்மி முறை என்றே வழங்குகின்றனர். அதுவே நேர்மை என்பது என் கருத்து.

அதே இதழில் அடுத்த பக்கத்திலேயே இருவரின் இரண்டாம் கட்டுரை தொடங்குகிறது. காந்தப் புலம் உள்ள முகில் ஈர்ப்பினால் எப்போது சரியும் என்பது அதன் பொருள். சுருக்கமாகச் சொன்னால், ஈர்ப்பின் ஆற்றலைவிடக் காந்தத்தின் ஆற்றல் மிகுமாயின் முகில் ஒன்றிச் சுருங்க இயலாது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஃபெர்மி 53 வயதில் புற்றுநோயால் மறைந்தார். வாரக் கூட்டங்கள் நின்றன. சந்திரசேகர் காந்தமும் பாய்மமும் கலந்த அத்துறையில் மேலும் சில ஆண்டுகள் உழைத்து, 1961-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர், தம் வழக்கப்படி, வேறு துறைக்குச் சென்றுவிட்டார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வி பெருநெருப்பாயிற்று. 1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகியோர் கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறின் ரேடியோ அலையை விண்ணில் கண்டனர். அதனால் கரிய முகில்களின் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. உள்ளே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 263 பாகை. அக்குளிரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.2 கிலோமீட்டர்தான். ஆனால் வாயுவின் அசைவோ விநாடிக்குச் சில கிலோமீட்டர்! ஒலியினும் பன்மடங்கு வேகத்தில் முகில் முழுதும் கொந்தளித்துக் கொண்டிருந்தது.

1974-இல் சுக்கர்மன், ஈவன்ஸ் இருவரும் ஓர் எளிய கணக்கால் அனைவரையும் திடுக்கிட வைத்தனர். அக்கணக்கை இன்றைய எண்களைக் கொண்டு சொல்கிறேன். நம் பால்வீதியில் இத்தகைய மூலக்கூறு வாயு சுமார் 100 கோடிச் சூரியன்களின் எடையளவு உண்டு. தடையின்றி ஈர்ப்பில் விழுந்தால் அம்முகில்கள் 30, 40 லட்சம் ஆண்டுகளில் சரிந்துவிடும். அங்ஙனமாயின் ஆண்டுதோறும் 250 சூரியன்களுக்குக் குறையாமல் பிறக்கவேண்டும். பிறப்பதோ சுமார் இரண்டு சூரியன்களின் எடையே. நூற்றில் ஒரு பங்கு! எஞ்சியதைத் தாங்கிப் பிடிப்பது யாது?

காந்தமே என்றனர் ஒரு சாரார். முகிலின் வாயுவில் கோடியில் ஒரு பங்கு மட்டுமே மின்னேற்றம் பெற்ற அயனிகள். காந்தக் கோடுகள் நேரே பற்றுவது அவற்றைத்தான். ஏனைய நடுநிலைத் துகள்கள் அயனிகளோடு மோதி மோதித் தடைபடுகின்றன. மெல்ல மெல்ல வடிந்து நடுவே சேர்கின்றன. பானையில் தெளியவைத்த கலங்கல் நீரில் மண் அடியில் இறங்குவது போன்றது இது. இவ்வழியை மெஸ்டலும் ஸ்பிட்சரும் 1956-இலேயே கண்டனர். இது மற்றொரு புதிரையும் அவிழ்த்தது. முகிலின் காந்தம் முழுதும் விண்மீனுக்குள் சிக்கியிருந்தால் சூரியனில் கோடிக்கணக்கான காஸ் வலிமை இருக்கவேண்டும். சராசரியில் இருப்பதோ ஒரு காஸ் அளவே. 1987-இல் ஷூவும் அவர் தோழரும் இக்கொள்கையை முழுச் சித்திரமாக வரைந்தனர். பல ஆண்டுகள் அதுவே பாடம்.

கொந்தளிப்பே என்றனர் மற்றொரு சாரார். 1981-இல் லார்சன், பெரிய முகிலில் வேகம் மிகுதி, சிறியதில் குறைவு, அதுவும் ஒரு விதிப்படி என்று காட்டினார்; அளவு பத்து மடங்கானால் வேகம் சுமார் 2.4 மடங்காகும். ஆற்றுப் பெருக்கிலும் காற்றிலும் கொந்தளிப்புக்கு ருஷ்யப் பேரறிஞர் கோல்மகோரோவ் 1941-இல் வகுத்த விதியை இது ஒத்திருந்தது. ஆனால் இக்கட்சிக்கு ஓர் இடர். கொந்தளிப்பு விரைவில் அடங்கிவிடும் அன்றோ? காந்தக் கோடுகளில் ஓடும் அலைகளாக இருந்தால் நெடுநாள் நிலைக்கும் என்று ஆறுதல் கூறினர். 1998-இல் மக்லோ முதலியோரும் ஸ்டோன் முதலியோரும் தனித்தனியே கணிப்பொறியில் முகிலைப் படைத்து அலைக்கழித்துப் பார்த்தனர். காந்தம் இருந்தபோதும் கொந்தளிப்பு ஏறக்குறைய அதே விரைவில் அடங்கிவிட்டது. அவ்வாறாயின் அதனை யாரோ இடைவிடாது கடைந்துகொண்டே இருக்கவேண்டும். வெடித்துச் சாகும் விண்மீன்களா, பிறக்கும்போதே வாயுவைப் பீறிட்டு உமிழும் இளம் மீன்களா, முகிலே சுருங்கும் வேகமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வழக்கில் சாட்சி சொல்ல அளவைதான் வேண்டும். ஒரு வழி சீமன் விளைவு. காந்தத்தில் அகப்பட்ட அணுக்களின் நிறமாலைக் கோடு பிளவுபடும். பிளவின் அளவு, நம்மை நோக்கிய புலத்தின் வலிமையைத் தரும். ஃவெர்ஷூர் 1968-இல் விண்வாயுவில் இதனை முதலில் கண்டார். அர்சீபோ ரேடியோ தொலைநோக்கியில் டிரோலண்டும் கிரட்சரும் 34 கரிய முகில்களை ஏறத்தாழ 500 மணி நேரம் நோக்கி, ஒன்பதில் மட்டுமே விடை பெற்றனர். 2008-இல் வெளியான அம்முடிவின்படி, ஈர்ப்பு காந்தத்தை ஒருவாறு வென்றே நிற்கிறது, ஆனால் காந்தம் புறக்கணிக்கத்தக்கதன்று. அத்தொலைநோக்கியும் 2020 டிசம்பரில் இடிந்து வீழ்ந்தது.

மற்றொரு வழி, அந்த மூன்று பக்கம். அது வானின் குறுக்கே கிடக்கும் புலத்தைக் காட்டுவது. சீமன் விளைவு தராததைத் தருவது. கணிப்பொறி முகில்களில் அதனைச் சோதித்த ஆஸ்டிரைக்கர், ஸ்டோன், கேமி மூவரும், அம்முறை தரும் விடையைப் பாதியாக்கிக் கொண்டால் உண்மைக்கு நெருங்கும் என்று 2001-இல் கண்டனர். 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம், தூசி தானே உமிழும் கதிரின் தளவிளைவைக் கொண்டு வானம் முழுமைக்கும் காந்தப் படம் வரைந்தது. அதில் ஒரு விந்தை: மெல்லிய வாயு இழைகள் காந்தக் கோடுகளுக்கு இணையாகவும், அடர்ந்த இழைகள் குறுக்காகவும் கிடக்கின்றன. வாயு கோடுகளின் வழியே வழிந்து திரள்கிறது என்பதற்கு இது நல்ல தடயம். திருவாதிரை மீன் உள்ள ஓரியன் கூட்டத்தின் அடர்முகிலில், ஹவாய்த் தீவுத் தொலைநோக்கி ஒன்றின் துணையால் 2017-இல் இம்முறைப்படி கிடைத்த வலிமை ஆயிரத்தில் 6.6 காஸ், பிழை கூடவோ குறையவோ 4.7. பிழை இவ்வளவு பெரிதா என்று சிரிக்கவேண்டா. சிறு பிழை சொல்லிப் பெருமை கொள்வதினும் இது மேல். நம் நாட்டிலும் நைனிதால் மலையில் உள்ள 104 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், முகில்களுக்குப் பின்னுள்ள மீன்களின் தளவிளைவை மீன் மீனாக அளந்து காந்தத்தின் போக்கைக் கண்டு வந்துள்ளனர்.

கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் அருகே, சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில், இடப முகிற்கூட்டத்தில் எல்-1544 என்னும் கருந்திட்டு ஒன்று உண்டு. சீன நாட்டின் பெருந்தொலைநோக்கியால் 2022-இல் அதன் புறப்பகுதியில் அளந்த புலம் பத்து லட்சத்தில் நான்கு காஸ் அளவே. பழைய பாடம் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே, அடர்த்தி மிகாத புறத்திலேயே, ஈர்ப்பு காந்தத்தை வென்றுவிட்டதை அது காட்டியது. கலங்கல் தெளியும்வரை அம்முகில் காத்திருக்கவில்லை. அதன் நடுவே இன்னும் விண்மீன் எதுவும் தோன்றவில்லை. வாயு உள்நோக்கிச் சரியத் தொடங்கியிருப்பது மட்டும் ரேடியோக் கோடுகளில் தெரிகிறது.